படத்தின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் ஒரு போட்டோவைக் கையில் வாங்கினால் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள். பின்பக்கம் யாராவது எழுதியிருப்பார்கள். நிற்பவர்கள் இடமிருந்து வலம், உட்கார்ந்திருப்பவர்கள் இடமிருந்து வலம், ஊர், மாதம், வருஷம். ஆலங்குடிப் பக்கத்துக் குடும்பம் எங்களுடையது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். பெயரை மட்டும் எழுதினால் போதாது. ‘வடகாட்டு மாமா மூத்தவன்’, ‘கீரமங்கலத்தில் கட்டிக்கொடுத்த சின்னது’ என்று அடையாளமும் சேர்ந்திருக்கும். அதில் பாதி, அப்பத்தா சொல்லச் சொல்ல அப்பா எழுதியது. அப்பத்தாவுக்கு எழுதத் தெரியாது. எதை எழுத வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

பெரியப்பா புதுக்கோட்டையில் கீழ ராஜவீதியை ஒட்டிய ஒரு சந்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். பள்ளி விடுமுறையென்றால் நான் அங்கேதான் கிடப்பேன். டார்க் ரூமில் சிவப்பு பல்பு, டெவலப்பர் தட்டு, ஹைப்போ தட்டு, கம்பியில் கிளிப் போட்டுத் தொங்கும் ஈரப் படங்கள். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு ‘இந்து’ என்ற பெயரில் வந்த ஃபிலிம் டப்பாக்கள் அலமாரியில் அடுக்கியிருக்கும். அந்தக் கடையில் கேமராவைவிடப் பத்திரமாக வைத்திருந்தது ஒரு நீள நோட்டு. ஒவ்வொரு நெகட்டிவின் ஓரத்திலும் ஊசியால் ஒரு நம்பர் கீறி, மெல்லிய தாள் உறையில் போட்டு, அதே நம்பருக்கு நேராக நோட்டில் பெயர், ஊர், சைஸ், எத்தனை காப்பி என்று எழுதிவைப்பார். அஞ்சு வருஷம் கழித்து அறந்தாங்கியிலிருந்து ஒருவர் வந்து, “எங்க அப்பா போன மாசம் தவறிட்டாரு, தங்கச்சி கல்யாணத்துல எடுத்த படத்திலிருந்து அவரை மட்டும் பெருசு பண்ணிக் குடுங்க” என்று நின்றால், பெரியப்பா நோட்டைப் புரட்டி, நம்பரைப் பிடித்து, உறையை எடுத்துவிடுவார். நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

அந்த ஏற்பாட்டில் ஒரே ஒரு பலவீனம் இருந்தது. நோட்டு போனால் எல்லாம் போனது. பெரியப்பா காலமாகி, கடையைக் காலி செய்து, சாமான்கள் ஊருக்கு வந்து பல வருஷம் பரணில் கிடந்தபின் பார்த்தால், நோட்டுகளைக் கரையான் தின்றிருந்தது. உறைகள் தப்பித்திருந்தன. உள்ளே நூற்றுக்கணக்கான முகங்கள், ஓரத்தில் நம்பர். யார் என்று சொல்ல ஆளில்லை. ‘அசல்’ என்று ஸ்டுடியோ பொத்திப் பொத்தி வைத்தது அனாதையாகிவிட்டது. வாடிக்கையாளர் வீட்டுக்கு எடுத்துப்போன காப்பியோ, பின்பக்கத்தில் பெயருடன் இன்னும் சுவரில் தொங்குகிறது.

தமிழ்நாட்டில் எத்தனையோ ஸ்டுடியோக்களின் கதை இதுதான். கண்ணாடி நெகட்டிவ்கள் பழைய சாமான்களோடு எடைக்குப் போயின. வெள்ளிக்காக வாங்கியவர்களும் உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ‘அழியும் ஆவணங்கள்’ திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து எண்மமாக்கியது. இதை முன்னின்று செய்தவர்களில் ஒருவர் ஸோயி ஹெட்லி. அவர்கள் சேகரித்ததில் குடும்பப் படங்கள்தான் நிறைய. வரலாறு என்று யாரும் மதிக்காத படங்களை மதித்த வேலை அது. நம் ஊர்க்காரர்கள் இன்னும் பரவலாக அறிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்து, கூடவே ஒரு ஸ்கேனரும் வந்தபோது நாங்கள் எல்லோரும் பிடித்துக்கொண்டது பிகாசாவை. 2004-இல் கூகுள் அதை வாங்கி இலவசமாகக் கொடுத்தது. அந்த மென்பொருளை இப்போதும் மரியாதையோடுதான் நினைக்கிறேன். பழைய மெஷினிலும் ஓடியது. ஹார்ட் டிஸ்க்கில் எங்கெங்கோ கிடந்த படங்களை ஃபோல்டர் ஃபோல்டராகக் கொண்டுவந்து நிறுத்தியது. ஃபிளாஷில் சிவந்த கண்ணை ஒரு சொடுக்கில் சரிசெய்தது. பிறகு முகங்களையும் அடையாளம் கண்டு, “இவர் யார்?” என்று கேட்க ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் என்றால் விலகிப்போகிற அத்தைகள்கூட அந்தக் கேள்விக்காக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

2016 பிப்ரவரியில் கூகுள் அதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. மார்ச் நடுவோடு ஆதரவு முடிந்தது. ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களுக்கு அது தொடர்ந்து ஓடியது. புதிதாக எதுவும் வராது, அவ்வளவுதான். இனி எதற்கு மாறுவது என்ற கேள்வி புதுக்கோட்டைச் சந்துகள்வரை அப்போது வந்தது. அதற்குப் பதில் தேடும்போதுதான், பிகாசா எதை எங்கே வைத்திருந்தது என்று பலரும் உள்ளே பார்த்தார்கள்.

படத்துக்கு அடியில் எழுதிய குறிப்பை அது ஜேபெக் கோப்புக்குள்ளேயே எழுதியது. நல்ல வழக்கம். ஆனால் நாம் செய்த திருத்தங்களை, ‘சேமி’ கொடுக்காதவரை, ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில்தான் குறித்துவைத்தது. முகங்களின் பெயர்களும் அப்படித்தான்: அந்தக் கோப்பில் ஒரு அடையாள எண், அந்த எண் யாருடையது என்பது வேறொரு தொடர்புப் பட்டியலில். படத்தை மட்டும் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்தால் பெயர் கூடப் போகாது. கடைசிப் பதிப்புகளில் பெயரைப் படத்துக்குள்ளேயே பதியும் வசதி இருந்தது. விருப்பங்களுக்குள் போய்த் தேடி டிக் போட்டவர்களுக்கு மட்டும் கிடைத்தது. அதாவது நம்பர் உறையில், பெயர் நோட்டில். பெரியப்பா கடையின் அதே ஏற்பாடு.

மென்பொருள் தேர்வு பற்றி என் கருத்து அன்று உருவானதுதான்; இன்றுவரை மாறவில்லை. எது அழகாக இருக்கிறது, எது வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், நான் எழுதுகிற பெயர் எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். நோட்டில் மட்டும் உட்கார்ந்தால் வேண்டாம். படத்தின் பின்பக்கத்தில் எழுத வேண்டும். கணினிப் படத்துக்கும் பின்பக்கம் உண்டு. ஜேபெக் கோப்பில் படத்தோடு சேர்ந்தே எழுத்து வைக்க இடம் இருக்கிறது. எக்ஸ்எம்பி என்ற பொதுவான முறையில் அங்கே எழுதினால், ஒரு மென்பொருள் எழுதியதை இன்னொன்று படிக்கும். அது யூனிகோடில் இருப்பதால் தமிழும் அப்படியே நிற்கும். இது சின்ன விஷயமல்ல. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கல்யாண சிடிக்களில் பாமினி எழுத்துருவில் பெயர் அடித்துக் கொடுத்த ஃபோல்டர்கள் இன்று வெறும் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரிகின்றன. யாருடைய கல்யாணம் என்று படத்தைத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

இதை எனக்கு இன்னும் அழுத்தமாகச் சொன்னது கஜா புயல். 2018 நவம்பர் 16 விடியலில் அடித்த அந்தக் காற்றில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் தென்னை வரிசை வரிசையாகச் சாய்ந்தது. ஓட்டு வீடுகளின் கூரை போனது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லாத கிராமங்கள் இருந்தன. நனைந்த ஆல்பங்களை வெயிலில் பிரித்துக் காயவைத்த வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. ஒட்டும் பிளாஸ்டிக் தாள் போட்ட ஆல்பங்களில் கலர் படங்கள் தாளோடு தாளாகப் பிடித்துக்கொண்டன. பிரித்தால் முகம் உரிந்து வந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் பிழைத்தன. அவற்றின் பின்னால் மைப் பேனாவில் எழுதியது கரைந்து நீலக் கறையாகியிருந்தது. பென்சிலில் எழுதியது எழுதியபடியே இருந்தது. அப்பா ஏன் பென்சிலால் எழுதினார் என்று நான் கேட்டதில்லை. பெரியப்பா சொல்லியிருக்கலாம். தொழில் தெரிந்தவர் அவர்.

அந்தப் புயலுக்குப் பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன். எங்கள் மெஷின் சாதாரணமானது. அண்ணன் மகளிடம் அரசு கொடுத்த லேப்டாப் இருந்தது. 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் லேப்டாப்புகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். ஆகவே இரண்டிலும் ஓட வேண்டும் என்பது ஒரு நிபந்தனை.

படத்தைச் சட்டென்று திறந்து பார்க்க இர்ஃபான்வியூ போதும். போஸ்னியாவிலிருந்து வியன்னாவுக்குப் படிக்கப்போன இர்ஃபான் ஸ்கில்யான் 1996-இலிருந்து கொடுத்துவருகிற சின்ன மென்பொருள்; எந்தப் பழைய விண்டோஸிலும் ஓடும். ஆனால் குடும்பத்தையே அதில் ஒழுங்குபடுத்த முடியாது. லினக்ஸில் ஷாட்வெல் எளிமையானது, முதன்முதலாகத் தொடுகிறவர்களுக்கு நல்லது. அடோபியின் லைட்ரூம் வேலையில் மிகச் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கல்யாண போட்டோகிராபர்கள் அதை நம்பிப் பிழைக்கிறார்கள், அந்தக் காசு அவர்களுக்குத் திரும்பி வருகிறது. வீட்டுக்கு அது சரிப்படாது. 2015-இல் வந்த ஆறாம் பதிப்புக்குப் பிறகு, ஒருமுறை காசு கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்கிற லைட்ரூம் இல்லை. சந்தா நின்றால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். திருத்தும் பகுதி மூடிக்கொள்ளும். பென்ஷன் வாங்குகிற வீட்டில் போட்டோ ஆல்பத்துக்கு மாச வாடகை கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பெரும்பாலானோர் போனது கூகுள் போட்டோஸுக்கு. 2015-இல் வந்தபோது, சற்றுச் சுருக்கிய தரத்தில் எத்தனை படமானாலும் இலவசம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் ஏற்றுகிற படங்கள் 15 ஜிபி கணக்கில் சேர்கின்றன. தேடுவதில் அதற்கு இணை இல்லை. ஆனால் நாம் கொடுத்த பெயர்கள் இருப்பது அவர்களுடைய கணினியில். எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளும் வசதியைக் கொடுத்திருக்கிறார்கள். இறக்கினால் குறிப்புகள் படத்துக்கு வெளியே, தனித்தனி ஜேசான் கோப்புகளாக வருகின்றன. அவற்றைத் திரும்பப் படத்துக்குள் ஏற்ற, கனடாக்காரர் ஃபில் ஹார்வி எழுதிய எக்ஸிஃப்டூல் போன்ற கருவி வேண்டும். தெரிந்தவர்களால் முடியும். என் அத்தையால் முடியாது.

கடைசியில் நான் நின்றது டிஜிகேமில். ரெஞ்சி ராஜு என்பவர் 2001-இல் தொடங்கியது. அவர் விலகிய பிறகு பிரான்சின் கில் கோலியேயும் மற்றவர்களும் எடுத்து நடத்திவருகிறார்கள். மூலநிரல் திறந்திருப்பதால் ஒருவர் விட்டதை இன்னொருவர் தொடர முடிந்தது. என் நம்பிக்கைக்கு இதுவே பாதிக் காரணம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடுகிறது. நாம் வைத்திருக்கும் ஃபோல்டர்களை அப்படியே ஆல்பங்களாக எடுத்துக்கொள்கிறது, இடம் மாற்றிக் கலைப்பதில்லை. 2020-இல் வந்த ஏழாம் பதிப்பிலிருந்து முகம் அறிகிற வேலையை நன்றாகச் செய்கிறது, அதுவும் நம் மெஷினுக்குள்ளேயே. எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளின் முகங்கள் எங்கும் ஏறிப்போக வேண்டியதில்லை. இந்த வசதிக்காக மட்டுமே நான் அதைப் பரிந்துரைப்பேன்.

அதற்கும் ஒரு நோட்டு உண்டு. தேடல் வேகமாக நடக்கத் தனியே ஒரு தரவுத்தளம் வைத்துக்கொள்கிறது. நோட்டு இருக்கட்டும், பெரியப்பாவும் நோட்டு இல்லாமல் தேடியிருக்க முடியாது. நிறுவிய அன்றே அமைப்புகளில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், குறிச்சொல், தலைப்பு, முகங்களின் பெயர் எல்லாவற்றையும் படக்கோப்புக்குள்ளும் எழுது என்று டிக் போட வேண்டும். பிறகு ஒரு படத்தில் ‘கீரமங்கலம் அத்தை’ என்று எழுதி, அதை வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்து, எக்ஸ்என்வியூ போன்ற வேறொரு மென்பொருளில் திறந்து, அந்தத் தமிழ் எழுத்து அங்கேயும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் போதும், நாளைக்கு டிஜிகேமே நின்றுபோனாலும் அத்தை யாரென்று தெரியும். எந்த மென்பொருளையும் இப்படிச் சோதித்தபிறகே குடும்பத்தை ஒப்படைக்கலாம். வாட்ஸாப்பில் வந்த படங்கள் மட்டும் தொல்லை. எடுத்த தேதி உட்படப் பின்பக்க எழுத்து முழுதும் அதில் உரிந்துபோய்விடுகிறது. கோப்பின் பெயரில் இருப்பது அனுப்பிய நாள். கல்யாண வீட்டில் எடுத்தவரிடமிருந்தே கேபிள் போட்டு வாங்கிவிடுகிறேன்.

திருத்துவதற்கு கிம்ப். பெர்க்லி மாணவர்கள் இருவர் தொடங்கி 1996-இல் வெளியிட்ட இலவச மென்பொருள். ஃபோட்டோஷாப் பழகிய கைக்கு முதலில் இடறும். 2025 மார்ச்சில் வந்த மூன்றாம் பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஆனபின் எனக்கு அதில் குறை தெரியவில்லை. பழைய படத்தை 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்து, அதைத் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் மட்டும் வேலை செய்வேன். லெவல்ஸில் மங்கலை எடுப்பது, ஹீல் கருவியால் கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் அடைப்பது. அவ்வளவே.

ஏன் அவ்வளவே என்றால், பெரியப்பா டச்சிங் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். சாய்மேசையின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வர, நெகட்டிவின் மேல் மருந்து தடவி, ஊசிபோலச் சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாக வைப்பார். நெகட்டிவில் வைத்த கறுப்பு, பிரிண்டில் வெளுப்பாகும். கண்ணுக்குக் கீழே இருக்கும் குழி மறையும். கத்தி முனையால் சுரண்டினால் அந்த இடம் பிரிண்டில் கறுக்கும். மெலிந்த மீசை அடர்த்தியாகும். பெண் பார்க்க அனுப்புகிற படமென்றால் அம்மைத் தழும்பை எடுத்துவிடச் சொல்வார்கள். எடுப்பார். இந்த வேலைக்கு எங்கள் ஊரில் வயது அதிகம். மதராஸ் அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப் புதுக்கோட்டைக்கு வந்து படமெடுத்தார். 1858-இல் அவை புத்தகமாக வெளிவந்தன, திருமயம் கோட்டையும் அதில் உண்டு. மெழுகு ஊட்டிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். அந்தக் காலத்து மருந்து நீல ஒளிக்கு அதிகமாகக் கறுத்துவிடுவதால், அச்சில் வானம் வெறும் வெள்ளையாக விழும். அவர் நெகட்டிவில் தூரிகையால் மேகம் தீட்டியிருக்கிறார். ஆகத் திருத்தம் புதிதல்ல. ஆனால் மேகத்தைத் தீட்டியவர் கோட்டையைத் தொடவில்லை.

இன்று போனில் வருகிற செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கலான முகத்தைத் ‘தெளிவாக்கி’த் தருகின்றன. அப்பத்தாவின் சிறுவயதுப் படம் ஒன்றை உறவுக்காரப் பையன் அப்படிச் செய்து குடும்பக் குழுவில் போட்டான். பளபளவென்று ஒரு பெண். அவள் எங்கள் அப்பத்தா இல்லை. படத்தில் இல்லாத இமையையும் உதட்டையும் அது தானாக வரைந்திருந்தது. கீறலை அடைக்கலாம், ஆளை மாற்றக் கூடாது. அம்மைத் தழும்பை நான் எடுப்பதில்லை. அந்தக் காலத்தில் பிழைத்து எழுந்தவர்கள் என்பதற்கு அது சாட்சி. பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும்.

இப்போது நடக்கிற வேலை பெரியப்பாவின் பரண் நெகட்டிவ்கள். விளக்குப் பலகையில் வைத்து நகலெடுத்து, கிம்பில் நிறத்தைத் திருப்பி, டிஜிகேமில் ஏற்றியிருக்கிறேன். கோப்பின் பெயர் அவர் கீறிய நம்பர். ஒரு பிரதி வீட்டில், ஒன்று திருச்சியில் தங்கச்சி வீட்டு ஹார்ட் டிஸ்க்கில். பெயர் எழுதத்தான் ஆள் வேண்டும். கீரமங்கலத்து அத்தைக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, கண் ஆபரேஷனுக்குப் பிறகு பார்வை நன்றாக இருக்கிறது. லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனால் திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்.

“இதைப் பெருசு பண்ணுப்பா. ஆங்… இது நம்ம வடகாட்டு மாமாவுக்குச் சம்பந்தி. திருவரங்குளம் தேருக்கு வந்தப்ப எடுத்தது.”

“எந்த வருசம் அத்தை?”

“வருசமெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? புதுக்கோட்டைய தனி ஜில்லாவா ஆக்குனாங்கள்ல, பொங்கலும் அதுவும் ஒண்ணா வந்துச்சு. அதுக்கடுத்த வைகாசித் தேரு.”

மாவட்டம் பிறந்தது 1974 ஜனவரி 14. நகலெடுத்த தேதியை அழித்துவிட்டு 1974 என்று மாற்றினேன். பெயரையும் எழுதினேன். அத்தை எட்டிப் பார்த்தார்.

“சம்பந்தின்னு மட்டும் போட்டா எப்படி? மாமாவுக்கு மூணு சம்பந்தி. கொத்தமங்கலத்துச் சம்பந்தின்னு போடு.”